மாடித் தொட்டிக்கு எந்த மண்?

ஹைதராபாத் பழைய கிரானைட் பாறைகளின் மேல் அமர்ந்திருக்கும் ஊர். அந்தப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணை நம்பித்தான் தெலங்கானாவில் ஏராளமான வயல்கள் விளைகின்றன. அதே மண்ணை மட்டும் மாடித் தொட்டியில் நிரப்பினால் நிலைமை வேறு. சில நாள் தண்ணீர் ஊற்றியதும் மேற்பரப்பு ஓடு கட்டிவிடும். காய்ந்த மண் தொட்டிச் சுவரை விட்டு விலக, ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அடித்துளைக்கு ஓடிவிடும். வேர் வறண்டே கிடக்கும்.

மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நகரத்தில் இது செடியைக் கொன்றுவிடும்.

செம்மண்ணுக்கு நல்ல துணை, பொள்ளாச்சிப் பக்கம் பெருமளவில் தயாராகும் தென்னை நார்க்கழிவு. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டே கலக்க வேண்டும். சத்தும் அதில் சொற்பம்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானும் யூரியாவும் சேர்த்து அதை மக்கவைக்கும் முறையைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு என்பது காய்கறிக்கு நல்ல தொடக்கம். கற்றாழைக்கு நார்க்கழிவைக் குறைத்து ஆற்றுமணலைக் கூட்டலாம்.

தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. நுண்ணிய மண்ணில் நிற்கும் நீர், அது நிறைந்து வழியும்வரை கல்லுக்குள் இறங்காது. ஈரம் வேருக்கு அருகிலேயே தேங்கும். கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் கலவையாலேயே நிரப்புங்கள்.