தாத்தா வீட்டை விற்கப் போறீங்களா? பெயின்ட் அப்புறம், முதல்ல பேப்பர்!

பொங்கலையொட்டி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். அதைச் சாக்கிட்டு ஊருக்கு வந்து, பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டைத் திறந்ததும் பேச்சு எழும்: "இங்க யாரு இருக்கப் போறாங்க? வித்துடலாமே!" அடுத்த போன் பெயின்டருக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்க. கிராமத்து வீட்டு விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்துவது சுவரில் உள்ள கறை இல்லை; பட்டாவில் உள்ள பழைய பெயர்தான்.

யார் யார் கையெழுத்து போடணும்?

தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. "அத்தைக்கு அப்பவே நகை போட்டு அனுப்பியாச்சே" என்பது சட்டத்தின் முன் எடுபடாது. அத்தை கையெழுத்து இல்லாமல் விற்றால் நாளைக்கு வழக்கு வரலாம். வாங்குபவரின் வீட்டுக் கடனும் வங்கி வக்கீலின் மேஜையிலேயே நின்றுவிடும்.

முதலில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழை வாங்குங்கள். பங்கு வேண்டாம் என்பவர் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பது போதாது.

எந்தெந்த ஆவணங்கள்?

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் தெரியும் என்பதை மறக்காதீர்கள். கிராம நத்தத்தில் உள்ள வீடு என்றால் பழைய கிரயப் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். அப்போது நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீது, கரன்ட் பில் இவையெல்லாம் கைகொடுக்கும். சர்வேயரை வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் நம் இடத்துக்குள் வந்திருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

சரி, வீட்டுக்கு என்ன செய்யணும்?

நிறைய செலவு வேண்டாம். பழைய சாமான்களை அகற்றுங்கள், உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், கிணற்றைத் தூர்வாருங்கள், மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒழுகும் இடத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம்.

பணம் வரும்போது?

அட்வான்ஸ் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாகவே வாங்குங்கள். லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. 2001 ஏப்ரல் 1க்கு முன் தாத்தா வாங்கிய சொத்து என்றால், அந்தத் தேதியில் இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டால், கைக்கு வருவது எவ்வளவு என்று தெரிந்தே விலை பேசலாம்.

அடுத்த பார்வேட்டைக்கு எல்லோரும் கூடும்போது, என்ன கலர் அடிக்கலாம் என்று யோசிப்பதற்கு முன் அத்தையிடம் உட்கார்ந்து பேசிடுங்க. வீட்டை விற்பதற்கான முதல் வேலை அதுதான்.