இரண்டு பிளாஸ்டிக் பாறைகளும் ஒரு கோளும்

1965இல் 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்' எடுத்தபோது தன் கையில் இருந்தது, பழைய புராணப் படமொன்றில் மிச்சமான இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் என்று இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா சொன்னதுண்டு. கண்ணாடிகளை வைத்து அவற்றைப் பலவாக்கினார். செட்டின் வெறுமையைப் புகையால் மூடினார். வண்ண விளக்குகளைப் பாய்ச்சி ஒரு வேற்றுக் கோளையே எழுப்பிவிட்டார். நடித்தவர்களில் அமெரிக்கரும் பிரேசில்காரரும் ஸ்பானியரும் உண்டு. குரலெல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்ந்தது. அந்தக் கால இத்தாலிய, ஸ்பானிய மலிவுப் படவுலகத்தின் வழக்கமே இதுதான். விநியோகஸ்தருக்கு வேண்டியது ரத்தம், நிர்வாணம், ஆளை இழுக்கும் போஸ்டர். அவை கிடைத்துவிட்டால் மீதியை யாரும் கேட்பதில்லை. இந்தப் படங்களின் அழகு, அசிங்கம் இரண்டுமே அந்தக் கேட்பாரற்ற நிலையில்தான் விளைந்தன.

மோசமாக இருப்பதால்தான் இவற்றை ரசிக்கிறார்கள், சிரிக்கத்தானே பார்க்கிறார்கள் என்பார்கள். உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும்போது சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் சிரிப்புக்காக மட்டும் பார்க்கும் படத்தை யாரும் காப்பியடிப்பதில்லை. பாவாவின் 'எ பே ஆஃப் பிளட்' (1971) படத்தில் கட்டிலில் கிடக்கும் ஜோடியை ஒரே ஈட்டியால் குத்தும் காட்சி, 1981இல் 'ஃப்ரைடே தி தர்டீன்த்' இரண்டாம் பாகத்தில் ஏறக்குறைய அப்படியே வந்தது. லூசியோ ஃபுல்சியின் 'ஸோம்பி 2' (1979) தலைப்பிலேயே பித்தலாட்டம்: இத்தாலியில் 'ஸோம்பி' என்ற பெயரில் ஓடிய ஜார்ஜ் ரொமேரோ படத்துக்கு இரண்டாம் பாகம் போலத் தோன்றவே அந்த எண். அதே படத்தில்தான் கடலடியில் பிணமொன்று சுறாவோடு மல்லுக்கட்டுகிறது. கணக்குப் பார்க்கும் பெரிய ஸ்டூடியோ எதுவும் அதற்கு ஒப்புதல் தந்திருக்காது.

கேள்வி கேட்க ஆளில்லாததன் மறுபக்கம் கொடுமையானது. கதை கந்தலாவது சின்னக் குறை. ஸ்பெயினின் ஹெசுஸ் ஃபிராங்கோ நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். பலவற்றில் ஜூம் லென்ஸ் ஒன்றே திரைக்கதையின் வேலையையும் செய்கிறது. பெண்ணுடலை வெட்டுவதற்கான பொருளாகவே பார்க்கும் கண் அதைவிட மோசம். எல்லாவற்றுக்கும் உச்சம் ருஜெரோ டியோடாட்டோவின் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980). காட்டில் தொலைந்த படக்குழு விட்டுச்சென்ற ஃபிலிம் சுருள்களைப் பார்ப்பதாகச் சொன்ன அதன் உத்தி பின்னாளில் பலருக்கு வழிகாட்டியது. நடிகர்கள் நிஜமாகவே கொல்லப்பட்டார்களோ என்ற சந்தேகத்தில், அவர்கள் உயிரோடிருப்பதை இத்தாலிய நீதிமன்றத்தில் இயக்குநர் நிரூபிக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் பிழைத்தார்கள், ஆமையும் குரங்கும் கேமராவுக்காக நிஜமாகவே கொல்லப்பட்டன. ஊடகத்தின் வெறியைத்தான் படம் சாடுகிறது என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். கதையில் அந்தச் சாடல் இருக்கிறது. ஆனால் எந்த வெறியைக் கண்டிக்கிறதோ அதையே டிக்கெட் போட்டு விற்கிற படத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஆமையை அறுக்காமலே அந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம். காசில்லாததால் செய்த காரியமும் அல்ல அது; கையில் காசில்லாத பாவா கண்ணாடியைத்தான் எடுத்தார். அவர் படங்களிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். டியோடாட்டோவின் படத்தைத் தவறவிட்டால் நஷ்டமில்லை.