பச்சை பூத்த ராணுவப் பொத்தான்: ஏன் தேய்க்கக்கூடாது?

இங்கிலாந்தின் உழவு நிலங்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்குப் பழைய ராணுவப் பொத்தான்கள் அகப்படுவதுண்டு. பச்சை பூத்த பொத்தானைக் கண்டதும், பித்தளைச் சொம்பைப் போலப் புளி போட்டுத் துலக்கத்தான் கை பரபரக்கும். வேண்டவே வேண்டாம்!

ஏன்? பித்தளையிலுள்ள செம்பு, மண்ணின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உருவான கார்பனேட்தான் அந்தப் பச்சை. பொத்தானில் பொறித்த எழுத்தின் நுண்ணிய விளிம்புகள் பல நேரம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்தால், பொத்தானில் உள்ள படைப்பிரிவு எண்ணும் மங்கிவிடும். அதிகாரிகளின் பொத்தானில் உள்ள மெல்லிய தங்க முலாமும் பெயர்ந்துவிடும்.

அடையாளம் காண அந்த எண்தான் முக்கியம். 1767-இல் வந்த ஆணைப்படி பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவுகள் தங்கள் எண்ணைப் பொத்தானில் பொறித்தன. சிப்பாய்களுக்கு 1871-இல் அது நின்று, பொதுவான அரசுச் சின்னம் வந்தது. சின்னத்தில் உள்ள மகுடத்தின் வளைவு நடுவில் குழியாமல் குவிந்திருந்தால், அந்தப் பொத்தான் பெரும்பாலும் 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. பின்புறத்தையும் பாருங்கள்; பர்மிங்ஹாம் தயாரிப்பாளரின் பெயர் இருந்தால் காலத்தை இன்னும் நெருங்கலாம்.

எப்படிச் சுத்தம் செய்வது? காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் இளகியதும் மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி எடுங்கள். சாய்வான வெளிச்சத்தில் எழுத்து எழும்பித் தெரியும். நன்றாக உலர்த்திய பிறகும் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால், அது குளோரைடு அரிப்பு. ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.