அம்மாவின் கையெழுத்து கேட்காத பணம்

ஆவணி பிறந்து முகூர்த்த நாட்கள் வரிசைகட்டினால் போதும், மில்களிலும் கம்பெனிகளிலும் கணக்குப் பிரிவுக்கு வந்து நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பி.எஃப்.ல எவ்வளவு எடுக்கலாம் சார்?" ஜூன் மாதத்திலும் இதே கேள்வி வரும். அப்போது காரணம் காலேஜ் ஃபீஸ்.

முன்பெல்லாம் படிவம் 31-ஐ நிரப்பி, நிறுவனத்தின் கையெழுத்து வாங்கி, பி.எஃப். ஆபீசுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது ஆதாரும் வங்கிக் கணக்கும் யு.ஏ.என். எண்ணோடு இணைந்திருந்தால் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். அதிகாரி யாரும் பார்க்காமல் கணினியே தீர்த்துவைக்கும் முன்பணத்தின் உச்சவரம்பு, 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மூன்று நாளில் பணம் கணக்கில் ஏறிவிடும் என்றது அரசு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அலைகிறவருக்கு இது பெரிய உதவி. பிள்ளைகளுக்காக எடுக்கும்போதுதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

"பி.எஃப். போனா என்ன, பென்ஷன்தான் தனியா வருமே" என்பது பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. அந்த பென்ஷன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், நிறுவனம் தன் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதத்தைச் செலுத்துகிறது. ஆனால் 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் இந்தக் கணக்கு. ஒருவர் மாதம் 40,000 ரூபாய் வாங்கினாலும் பொதுவாக ஓய்வூதியக் கணக்குக்குப் போவது 1,250 ரூபாய்தான். ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் வரும். உச்சவரம்பான 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு, 28 ஆண்டு என்று போட்டால் 6,000 ரூபாய். 58 வயதுவரை பொறுக்காமல், வேலையை விட்டு 55 வயதிலேயே வாங்க ஆரம்பித்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு விழுந்து சுமார் 5,300 ஆகும். அந்த வெட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாயாக நிற்கிறது. அதை 7,500 ஆக்கச் சொல்லித்தான் ஓய்வூதியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, தனியார் கம்பெனியில் உழைத்த குடும்பத்துக்கு உண்மையான பென்ஷன் என்பது பி.எஃப். கணக்கில் சேர்ந்திருக்கும் மொத்தப் பணம்தான். 6,000 ரூபாயில் வாடகையா, மளிகையா, மாத்திரையா?

கணவர் காலமான பிறகு நிலைமை இன்னும் இறுகும். அவர் வாங்கிய ஓய்வூதியத்தில் பாதிதான் மனைவிக்கு வரும். 6,000 என்பது 3,000 ஆகிவிடும். தம்பதியரில் மனைவி வயதில் இளையவராக இருப்பதும், கணவருக்குப் பிறகு பல ஆண்டுகள் தனியாக வாழ்வதும் நம் வீடுகளில் சாதாரணம். பி.எஃப். நாமினி படிவத்தில் அவர் பெயர் இருக்கும். ஆனால் மிச்சம் இருக்கும் பணத்துக்குத்தான் அவர் நாமினி. கல்யாணத்துக்கோ படிப்புக்கோ கணவர் முன்பணம் எடுக்கும்போது மனைவியின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. ஓ.டி.பி. வருவதும் கணவரின் போனுக்குத்தான். பிள்ளைக்கு உதவலாமா, கூடாதா என்ற விவாதத்தில் இந்த அம்மாவின் பக்கம் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. அவர் மறுப்புச் சொல்லப்போவதில்லை என்பது வேறு விஷயம். கேட்கப்பட வேண்டியவர் அவர்.

நீண்ட காலம் இருந்த விதியில் ஒரு தடுப்பு இருந்தது. மகன், மகள் கல்யாணத்துக்கோ, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கோ எடுக்க ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அதுவும் தொழிலாளியின் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதிதான். எல்லாம் சேர்த்து மூன்று முறைதான் எடுக்கலாம். 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். அறங்காவலர் குழு இதைத் தளர்த்த முடிவெடுத்தது. பதின்மூன்று வகைக் காரணங்களை மூன்றாகச் சுருக்கியது. படிப்புக்குப் பத்து முறை, கல்யாணத்துக்கு ஐந்து முறை எடுக்கலாம், பன்னிரண்டு மாதப் பணி போதும், நிறுவனத்தின் பங்கையும் தொடலாம் என்றது. மொத்தத்தில் 25 சதவீதம் மட்டும் எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கால்பங்கை வைத்திருக்கச் சொன்னதே பலர் முழுவதையும் துடைத்து எடுப்பதைப் பார்த்துத்தான்.

எடுக்கும் தொகை மட்டும் போவதில்லை. 48 வயதில் மகளின் கல்யாணத்துக்கு 5 லட்சம் எடுக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2024-25-க்கு வழங்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே தொடர்ந்திருந்தால், 58 வயதில் அது சுமார் 11 லட்சமாக ஆகியிருக்கும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று உண்டு. வேலை மாறும்போது, படிவம் 10சி போட்டு ஓய்வூதியக் கணக்கில் இருக்கும் சிறு தொகையையும் சேர்த்து எடுத்துவிடுவது. ஆயுள் முழுக்க ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து ஆண்டு பணி தேவை. எட்டு ஆண்டு முடித்தவர் பையனின் செமஸ்டர் ஃபீஸுக்காக அதை எடுத்தால், அந்த எட்டு ஆண்டும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கிக்கொண்டால் பழைய ஆண்டுகள் புது வேலையோடு சேரும்.

ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வதற்கு அரசு ஊழியர் வீட்டில் பெயர் கம்யூடேஷன். மத்திய அரசிலும் ரயில்வேயிலும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் 40 சதவீதம் வரை ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கலாம். 30,000 ரூபாய் ஓய்வூதியத்தில் 12,000-ஐ விட்டுக்கொடுத்தால், 60 வயதில் ஓய்வுபெறுகிறவருக்குக் கிடைப்பது சுமார் 11.8 லட்சம். பதினைந்து ஆண்டில் அவர் இழப்பது 21.6 லட்சம். பதினைந்து ஆண்டு முடிந்ததும் முழு ஓய்வூதியம் திரும்பும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது 1986-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். அகவிலைப்படி முழு ஓய்வூதியத்துக்கும் கணக்கிடப்படும், குடும்ப ஓய்வூதியமும் குறையாது. அதனால் கம்யூடேஷன் தன்னளவில் கெட்டதல்ல. வங்கியில் போட்டு வைத்தாலோ வீட்டுக் கடனை அடைத்தாலோ அது உதவும். மகனை வெளிநாடு அனுப்ப ஏஜென்டிடம் மொத்தமாகக் கட்டினால், 75 வயதுவரை மாதாமாதம் 12,000 ரூபாய் குறைவாகத்தான் கைக்கு வரும்.

இதையெல்லாம் தெரிந்த பிறகும் கொடுக்கிற பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு ஒரு வருஷத்துக்கு 36 சதவீதம் கட்டித் தவிக்கிற மகனுக்கு, 8.25 சதவீதம் ஈட்டும் பணத்தை எடுத்துக் கொடுத்து மீட்பது சரியான முடிவுதான். படிப்புச் செலவு அப்படியல்ல. கல்விக் கடனுக்கு, படிப்பு முடிந்து ஓராண்டு வரை பொதுவாகத் தவணை தொடங்காது. கடனை அடைப்பவரும் சம்பாதிக்கப்போகிற இளைஞர்தான். பழைய வரிமுறையில் அந்த வட்டிக்கு எட்டு ஆண்டு வருமான வரிச் சலுகையும் உண்டு. அப்பாவின் பி.எஃப்.-ஐத் தொடும் முன் பார்க்க வேண்டிய இடம் இது.

கொடுப்பதை எழுதி வைப்பதில் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் ஒரு தாய் 2019-இல் தன் சொத்தை மகனுக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் இருந்தது. மகன் கவனிக்கவில்லை என்று தாய் வழக்குத் தொடுத்தார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தத் தானத்தை ரத்துசெய்தது. வீட்டுக்கும் நிலத்துக்குமாவது பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. பி.எஃப். பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போய் முடிந்துவிடுகிறது. என்ன பேசிக் கொடுத்தோம் என்பதற்கு ஒரு வரி எழுத்துகூட மிஞ்சுவதில்லை.

1952-ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டம், பத்தாம் பிரிவில், கடன்காரர் எவரும் நீதிமன்றம் போனாலும் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது என்று காப்புக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு பத்திரமான பணம் என்பதால்தான் எடுக்கும் முன் கணவனும் மனைவியும் பிள்ளையும் பாஸ்புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 58 வயதில் ஓய்வூதியம் எவ்வளவு, அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு எவ்வளவு, எடுத்த பிறகு கணக்கில் எவ்வளவு என்று மூவரும் பார்க்க வேண்டும். எடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கட்ட பி.எஃப்.-இல் வழியில்லை. ஆனால் அப்பா வேலையில் இருக்கும்வரை விருப்பப் பங்களிப்பாக, வி.பி.எஃப். என்ற பெயரில், சம்பளத்திலிருந்து கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். வட்டி அதேதான். மகள் வேலைக்குப் போனதும் மாதம் 5,000 ரூபாய் வீட்டுச் செலவுக்குக் கொடுத்து, அப்பா அதே 5,000-ஐ வி.பி.எஃப்.-இல் கூட்டினால், இன்றைய வட்டியில் பத்து ஆண்டில் சுமார் 9 லட்சம் திரும்பச் சேர்ந்துவிடும்.