நம்ம வீட்டில் யாருக்கும் இல்லையே!

இரண்டாவது பிள்ளை உண்டாகி 6-ம் மாதம். தெருவில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் வயிற்றுக்குள் துள்ளும். அந்த மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்குமாம். இடுப்பு வலியும் வயிற்றில் அரிப்பும் முதல் பிள்ளைக்கும் இருந்ததுதான்.

"24 வாரம் ஆயிடுச்சு, சுகர் டெஸ்ட் எடுத்துக்கோம்மா" என்றார் நர்சம்மா. "நம்ம வீட்ல யாருக்கும் சர்க்கரை இல்லையே, அதெல்லாம் எதுக்கு?" என்றார் மாமியார். நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். நர்சம்மா வீட்டுக்கே வந்து கூட்டிப்போனார். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குக் கீழே இருக்க வேண்டியது, 168 இருந்தது!

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாததால், முன்பு இல்லாதவர்களுக்கும் இப்போது சர்க்கரை தலைகாட்டுமாம். கவனிக்காவிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் சிக்கலாகிவிடும் என்றார் டாக்டரம்மா. இனிப்பை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, தினமும் வடிவுடையம்மன் கோயில் வரை நடந்தேன். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், குழந்தை 3 கிலோ. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது எனக்கும் சர்க்கரை இல்லை.

தோழிகளே, இந்த டெஸ்ட்டை மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இலவசமாகவே எடுக்கிறார்கள். 'நம்ம வீட்டில் யாருக்கும் இல்லையே' என்று என்னைப் போல இருந்துவிடாதீர்கள்!

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.