பொய்க் கையெழுத்தாவது பிடிபடும்!

ஃபிக்சட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போன பெரியவர், ஆயுள் காப்பீட்டுப் பாலிசிதாரராக வீடு திரும்பும் கதை ஊருக்கு ஊர் உண்டு. ‘இதுவும் எஃப்.டி. மாதிரிதான் சார், வட்டி கூட வரும்’ என்பார்கள். மறு ஆண்டு பென்ஷன் கணக்கிலிருந்து இரண்டாவது பிரீமியம் கழியும்போதுதான் வீட்டில் விசாரணையே தொடங்கும்.

முன்பெல்லாம் ஏஜென்ட்டே கையெழுத்தைப் போட்டுவிடுவார். விண்ணப்பப் படிவத்தின் நகலை வாங்கி, வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். தமிழில் கையெழுத்திடுபவர் என்றால், படிவத்தில் உள்ளதை அவருக்கு விளக்கியதாக இன்னொருவர் உறுதிமொழி தர வேண்டும். தமிழில் மட்டுமே கையெழுத்துப் போடும் பாட்டியின் படிவத்தில் ஆங்கிலக் கையெழுத்து இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

இப்போது எல்லாம் ஓடிபி. ‘ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா’ என்றதும் சொல்லிவிடுகிறோம், சம்மதம் பதிவாகிவிடுகிறது. அந்த எண்ணை யார் தட்டினார் என்று எந்தக் கையெழுத்து நிபுணரும் சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் ஏஜென்ட் தன் மொபைல் எண்ணையே எழுதியிருந்தால் இன்னும் மோசம்: சரிபார்ப்பு அழைப்பும் அவருக்கே போகும், ‘ஆமாம்’ என்பதும் அவரே. ஆகவே, படிவத்தில் உள்ள மொபைல் எண், மின்னஞ்சல் யாருடையவை என்று முதலில் பாருங்கள். அழைப்பின் ஒலிப்பதிவையும் கேட்டு எழுதுங்கள்.

பணமுடை வந்ததும் வாடிக்கையாளர் பேச்சை மாற்றுகிறார் என்று காப்பீட்டுத் துறையினர் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால், உண்மையிலேயே சம்மதமின்றி பாலிசி எடுக்கப்பட்டவர்களுக்கு வழி உண்டு.

பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால், ‘ஃப்ரீ லுக்’ வசதியில் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும். கெடு தாண்டிவிட்டதா? ‘சரண்டர் பண்ணிடுங்க’ என்று நீட்டும் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பாலிசி உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள், தொகையும் குறையும். ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள். ‘என் சம்மதமின்றி எடுக்கப்பட்டது, ரத்து செய்து முழுப் பிரீமியத்தையும் தருக’ என்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்க முடியும். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்: ஓடிபியோடு வரும் செய்தியை முழுக்கப் படிக்காமல், வங்கிக்காரரே கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம்.