விக்டோரியா மண்டபம் யாருக்கு?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் எவரும், ரிப்பன் மாளிகைக்கு அருகே செங்கல் நிறத்தோடு எழுந்து நிற்கும் கட்டடம் ஒன்றைக் காணாமற் போக முடியாது. அதுவே விக்டோரியா பொது மண்டபம். பெயரைக் கேட்டவுடன் தேசாபிமானிகளிற் சிலர் முகம் சுளிக்கலாம். ஆங்கில மகாராணியின் ஐம்பதாண்டு ஆட்சி 1887-இல் கொண்டாடப்பட்டதன் ஞாபகமாக வந்த பெயர் அது. அடிமை நாட்களின் அடையாளம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெயர் வேறு, மண்டபம் வேறு.

1883 டிசம்பரில் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் ஆந்திர நாட்டு விஜயநகரம் ஸமஸ்தானத்தின் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு. சுதேச மன்னர்களும் ஜமீன்தார்களும் நகரப் பிரமுகர்களும் பொருளுதவி செய்தனர். அமைப்பை வகுத்தவர் சிஷோம் என்னும் ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். நிலத்தையோ, நகரசபையார் கிரவுண்டு ஒன்றுக்கு ஆண்டுக்கு எட்டணா வீதம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். பொதுஜனங்களின் உபயோகத்திற்கென்று கருதியே அன்றோ இத்துணை அற்ப வாடகை விதித்தார்கள்?

அக்கருத்து வீண்போகவில்லை. நாடகமாடுவோரைக் கூத்தாடிகள் என்று படித்தவர் இகழ்ந்த காலத்தில், 1891-இல், பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாஸ ஸபையைத் தோற்றுவித்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடையேறினர். அந்த ஸபைக்கு நெடுங்காலம் இருப்பிடமாக இருந்தது இம்மண்டபமே. தீரர் ஸத்தியமூர்த்தி அந்த ஸபையில் நடித்தவர் என்பதை நேயர்கள் அறிவார்கள். பிற்காலத்தில் சட்டசபையில் சர்க்காரைத் திணற வைத்த அக்குரலுக்கு நாடகமேடையும் ஒரு பயிற்சிக்களம் ஆயிற்று என்றால் மிகையாகாது.

நாடகம் மட்டுமா? 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர், இந்நாட்டில் தாம் செய்யக் கருதிய வேலை இன்னதென்று பிரசங்கம் புரிந்தது இங்கேதான். சென்னை மக்கள் முதன்முதலாகச் சலனப்படம் கண்ட இடங்களுள்ளும் இது ஒன்று. மகாராணியின் பெயர் வாயிலில் இருக்க, உள்ளே தமிழன் தன் மொழியையும் தன் நாட்டையும் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டான்.

நிற்க. இத்தகைய மண்டபம் பிற்காலத்தில் பல்லாண்டுகள் பாழடைந்து பூட்டிக் கிடந்தது நமக்குப் பெருமை தருவதன்று. அந்நியன் பூட்டிய பூட்டு அன்று அது. சுதந்திரம் பெற்ற நாம் பூட்டியது. 2023-இல் மாநகராட்சியார் அதைப் பழைய வண்ணமே செப்பனிடும் வேலையைத் தொடங்கினர். அதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். ஆயினும், சுவரைச் செப்பனிடுவது பாதி வேலை. மேடையைச் செப்பனிடுவதே மீதி வேலை.

இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். விருந்துக்கும் வியாபாரக் காட்சிக்கும் வருகிற தனவந்தரிடம் தாராளமாக வாங்கட்டும். ஆனால் ஒவ்வொரு மாதத்திலும் குறிப்பிட்ட சில நாட்களைத் தமிழ் நாடகக் குழுவினருக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் சொற்ப வாடகையில் ஒதுக்கிவைக்க வேண்டும். பரீட்சை எழுதி வந்த மாணவனும் ஆலையிலிருந்து வந்த தொழிலாளியும் அங்கே நாடகமாட இடம் பெறவேண்டும். அன்று எட்டணாவுக்கு நிலம் கொடுத்த நகரசபை அந்நிய ஆட்சியின் கீழ் இருந்தது. இன்றைய மாநகராட்சி நம் வாக்கினால் அமைந்தது. முன்னதன் பெருந்தன்மையிலும் பின்னது குறைந்துவிடலாமா?

பெயரை மாற்றவேண்டும் என்று கிளர்ச்சி செய்வோரோடு நமக்குப் பிணக்கில்லை. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஏழைக் கலைஞனுக்குக் கதவைத் திறந்துவைப்பது அன்றாடம் செய்யவேண்டிய காரியம். அதைச் செய்தால், வாயிலில் எப்பெயர் இருப்பினும் அது மக்கள் மண்டபமே. செய்யாவிடில், எவ்வளவு இனிய தமிழ்ப் பெயர் சூட்டினும் அது வெறும் காட்சிச்சாலையாகவே நிற்கும்.